மிச்சம் வைக்காத நோயாளி

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நுரையீரல் இரண்டும் அலசிக் காயப்போட்ட துணி மாதிரி சுத்தமாக இருந்தன. மேசைமேல் கிடந்த சளிப் பரிசோதனை முடிவோ, காசநோய் என்றது. இரண்டிலும் இருந்தது ஒரே மாணவியின் பெயர்.

"ரெண்டுல ஒண்ணு புளுகுது," என்றேன்.

"படமும் புளுகாது, சளியும் புளுகாது," என்றார் மேடம். "மனுஷங்க ரெண்டு பேர் இருக்காங்க. அவ்வளவுதான்."

மேடம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ஏறி இறங்கிய பிறகு கிடைத்த வேலை இது. மேடம் என்னை 'வாயாடி' என்று கூப்பிடுவார். சம்பளம் காலுக்கு மட்டும்தான், வாயை ஓசியில் தருகிறேன்.

பல்கலைக்கழக வளாகத்திலேயே மாணவர்களுக்கான மருத்துவமனை. டாக்டர், மேடத்தின் பள்ளித் தோழர். அவர் விஷயத்தைச் சொன்னார். மூன்றாம் வருட மாணவி, பெண்கள் விடுதியில் இருக்கிறாள். சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு வராத நோய் இல்லை. வீசிங், படர்தாமரை, தூக்கமின்மை, வயிற்றுப்புண். மாதவிலக்கைத் தள்ளிப் போட மாத்திரை வாங்கிப் போயிருக்கிறாள். ஒரு தடவை கர்ப்பப் பரிசோதனைகூடக் கேட்டிருக்கிறாள். கடைசியாக விடாத இருமல் என்று வந்தாள். ஆனால் அவர் எதிரில் ஒரு முறைகூட இருமியதில்லை.

"இத்தனை நோய் ஒரே ஆளுக்கு வந்திருந்தா, இந்த ஆஸ்பத்திரிக்கு அவ பேரையே வெச்சிருக்கணும் டாக்டர்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்குள் அவர் சுகாதாரத் துறைக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அவள் பெயரைப் போட்டால் இன்று மாலையே பல்கலைக்கழகம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும். போனால் திரும்பி வரமாட்டாள். நிஜ நோயாளியோ விடுதியில் எங்கோ இருமிக்கொண்டு, மருந்தில்லாமல், பக்கத்தில் படுப்பவர்களுக்கும் பரப்பிக்கொண்டு இருப்பாள்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வகுப்புக்கு வராதவளுக்காக இன்னொருத்தி குரல் கொடுத்தால் அதற்குப் பெயர் பிராக்சி. இந்த விடுதியில் நோய்க்கே பிராக்சி. காரணமும் தெரிந்ததுதான். மருத்துவமனைக்குப் போகும் பெண்ணின் வீட்டுக்கு வார்டன் ஃபோன் செய்வார் என்பது விடுதி விதி. தலைவலி என்று சொன்னாலும் அப்பாக்கள் முதலில் கேட்பது "எங்க போயிருந்த?" என்றுதான். மகன் மாத்திரை போட்டால் அவனுக்கு உடம்பு சரியில்லை, மகள் போட்டால் அவளுடைய நடத்தை சரியில்லை. அதனால் நெஞ்சழுத்தம் உள்ள ஒருத்தி எல்லோர் நோயையும் மனப்பாடம் செய்துகொண்டு போய் டாக்டரிடம் ஒப்பித்து மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள். விடுதியில் அவளுக்குப் பெயரே 'பிராக்சி'தான் என்று பிறகு தெரிந்தது.

பக்கத்து அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அப்பா காலையிலேயே வந்துவிட்டாராம். டைல்ஸ் ஒட்டுகிறவர், வேலை நேரத்தில் வார்டனின் ஃபோனை எடுத்ததே இல்லை, இந்தத் தடவைதான் எடுத்தார். ஃபோனில் காசநோயைச் சொன்ன வார்டன், சேர்ந்தாற்போல் கர்ப்பப் பரிசோதனையையும் சொல்லிவிட்டார். மகளைப் பார்த்ததும் அப்பா சொன்னது ஒரே வார்த்தை, பையைக் கட்டு. இப்போது விடுதியின் பார்வையாளர் அறையில் இருக்கிறார்.

இருமல் யாருடையது என்று மேடம் கேட்டார்.

"சொல்லமாட்டேன் மேடம்."

"டி.பி.க்கு மருந்து இருக்கு. ஒழுங்கா சாப்பிட்டா முழுசா குணமாயிடும். சொல்லாம விட்டாத்தான் ஆபத்து."

"தெரியும். அவங்களையே போய் டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லிட்டு வந்தேன். நானா சொல்லமாட்டேன். ஒருத்தர் பேரைச் சொன்னா, அப்புறம் மத்ததெல்லாம் யாரோடதுன்னு கேப்பீங்க. அந்த டெஸ்ட் யாரோடதுன்னு கேப்பீங்க. அத்தனை வீட்டுக்கும் ஃபோன் போகும். எங்கப்பா பையைக் கட்டச் சொன்னாரு. சில அப்பாங்க அத்தோட விடமாட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவள் எங்களைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள். எல்லோருடைய வெட்கத்தையும் அந்தக் கை சுமந்துகொண்டு வந்திருக்கிறது, கூலி கேட்காமல்.

திரும்பும் வழியில் மேடம் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றார். காலியான மாத்திரை அட்டை ஒன்று குத்தி வைக்கப்பட்டிருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து: 'இப்படித்தான் முடிக்க வேண்டும்.'

டாக்டர் கொஞ்சம் கூச்சத்தோடு விளக்கினார். ஆன்டிபயாடிக் கொடுத்தும் இருமல் நிற்கவில்லை என்று பிராக்சி மறுபடி வந்தபோது, முழுசாகச் சாப்பிட்டாயா, காலி அட்டையைக் காட்டு என்றாராம். அவள் மறுநாள் கொண்டுவந்து காட்டினாள். இத்தனை வருடத்தில் எந்த மாணவியும் அப்படிக் காட்டியதில்லை. நாலு பேர் பார்த்துத் திருந்தட்டும் என்று குத்தி வைத்தார். அதன் பிறகுதான் பரிசோதனைக்குச் சளி கேட்டார். சாம்பிள் கொண்டுவந்த அன்று இவர் கதவைத் திறக்கும் முன்பே அவள் புட்டியோடு வாசலில் நின்றிருந்தாளாம்.

மேடம் அட்டையை எடுத்துப் பார்த்தார். மாத்திரைகள் ஓரத்திலிருந்து வரிசையாக எடுக்கப்பட்டிருந்தன. கிழிந்த ஈயத்தாள் ஒவ்வொன்றும் நகத்தால் நீவிப் பழையபடி மூடி வைக்கப்பட்டிருந்தது.

"மாத்திரையை எடுத்துட்டு கதவைச் சாத்தியிருக்காங்க," என்றேன்.

"பார்த்து வெச்சுக்கோ வாயாடி," என்று அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

விடுதியில் எங்களுக்கு வழிகாட்ட வார்டன் வந்தார். கஞ்சி போட்ட புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. புழுதி ஒத்துக்கொள்ளாது என்று கைக்குட்டையை மூக்கருகில் வைத்திருந்தார். படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று யாரையாவது திட்டினார். முதல் திருப்பத்தில் ஈரத் துணி காயப்போட்டவள் மாட்டினாள். அடுத்ததில் விளக்கை அணைக்காதவள். மூன்றாவதில் திட்டுவதற்கு ஆளே இல்லை, சுவரில் கோணலாக ஒட்டியிருந்த நோட்டீசைத் திட்டினார்.

"இவங்க வீட்டுல பல்லி இருந்திருந்தா, நேரா நடன்னு சொல்லியிருப்பாங்க," என்று மேடம் காதில் சொன்னேன். மேடம் வாய்மேல் விரல் வைத்தார்.

அறை அறையாகப் போனோம். யாரையும் மிரட்டவில்லை. மேடம் வார்டனை வெளியே நிறுத்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, தலைவலிக்கு என்ன போடுவீர்கள் என்று ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் தலையணை உறைக்குள்ளிருந்தும் செருப்பு டப்பாவிலிருந்தும் மாத்திரைகள் வெளியே வரும்.

அது ஒரு தனி வைத்திய சாஸ்திரம். அட்டையைக் கத்தரிக்கோலால் ஒற்றை ஒற்றையாக வெட்டிப் பங்கு போடுகிறார்கள். வெட்டும்போது மருந்தின் பெயர் ஒருத்திக்கும் தேதி இன்னொருத்திக்கும் போய்விடுகிறது. அதனால் நிறம்தான் பெயர். வெள்ளை காய்ச்சலுக்கு, மஞ்சள் சளிக்கு, பாதி சிவப்பு பாதி கறுப்பு எதற்கும். ஒருத்தி தேர்வன்று தலை வலிக்கும் முன்பே வலி மாத்திரை போடுகிறாள், முன்ஜாமீன் மாதிரி. இன்னொருத்தி விழித்திருக்க ஒன்று போட்டு, தூக்கம் போய்விட்டதே என்று தூங்க ஒன்று போடுகிறாள். தேதி கடந்த மாத்திரையை என்ன செய்வாய் என்று கேட்டதற்கு ஒருத்தி நிதானமாகச் சொன்னாள்: "பவர் கொறைஞ்சிருக்கும்க்கா. ரெண்டா போட்டுப்பேன்."

"கணக்குப் பாடமா?"

"வேதியியல்."

இந்த நாடு உருப்பட்ட மாதிரிதான்.

முடிவாக எல்லோரிடமும் மேடம் ஒரே கேள்வியைக் கேட்டார். டாக்டர் கொடுத்ததை எப்போதாவது கடைசி மாத்திரை வரை விழுங்கியிருக்கிறாயா? சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். மிச்சம் அடுத்தவளுக்கு. சளிக்கான மஞ்சள் மாத்திரையில் பாதி மீந்து கிடக்காத அறையே இல்லை.

இரண்டாம் மாடிக் கடைசி அறையில் இருமல் சத்தம் கேட்டது. கதவை நான்தான் தள்ளினேன். மாட்டினாள் என்று எனக்குள் ஒரு துள்ளல். உள்ளே ஒரு பெண் எதையோ அவசரமாக ஷூவுக்குள் திணித்தாள். எடுத்துப் பார்த்தேன். வீசிங்குக்கு வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர்.

அவள் அழவில்லை, முகம் மட்டும் சிவந்தது. சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "இது தெரிஞ்சா வேணாம்னுடுவாங்கன்னு அம்மா ஒளிச்சு வெக்கச் சொன்னாங்க. கூட இருக்கறவளுக்குக்கூடத் தெரியாது. பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டுத்தான் இழுப்பேன்."

மூச்சு விடுவதை ஒரு பெண் தண்ணீர்ச் சத்தத்தில் மறைக்க வேண்டியிருக்கிறது. நான் அதை ஷூவுக்குள்ளேயே திரும்ப வைத்தேன். என் துள்ளல் அசிங்கமாக இருந்தது.

மாடி வராந்தாவில் நான் தோல்வியை ஒப்புக்கொண்டேன். எல்லா அறையும் முடிந்துவிட்டது, மணி நாலாகப் போகிறது.

"ஒரு மாணவியும் கோர்ஸை முடிக்கலை," என்றார் மேடம்.

"அதான் தெரியுமே."

"ஆனா இந்த அட்டை முடிஞ்சிருக்கு. வரிசை தப்பாம. அப்ப இது யாரோடது?"

நான் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 

"இன்னொண்ணு. டாக்டர் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே பிராக்சி அங்க நின்னிருக்கா. அவர் திறக்கறது ஏழு மணிக்கு. விடுதி கேட்டை எட்டுக்குத்தான் திறப்பாங்கன்னு வாசல்ல எழுதியிருக்கு. எப்படி வெளிய வந்தா?"

"சுவர் ஏறிக் குதிச்சிருப்பா."

"சளிப் புட்டியோடயா?"

கீழே, சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

வார்டனின் அறை தரைத்தளத்தில். ஒற்றைக் கட்டில், ஒரு நாற்காலி, மடிப்புக் கலையாத போர்வை. ஜன்னல்கள் இரண்டையும் விரியத் திறந்து வைத்திருந்தார். மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அலைந்ததில் தலை பிளக்கிறது, மாத்திரை ஏதாவது இருக்குமா?

வார்டன் அலமாரியைத் திறந்தார். ஒரு டம்ளர் தண்ணீர், அதன் மேல் மூடி, பக்கத்தில் ஒரு அட்டை. ஓரத்து மாத்திரையை மேடத்தின் உள்ளங்கையில் எடுத்து வைத்தார். பிறகு, யோசிக்காமலே, கிழிந்த ஈயத்தாளைக் கட்டைவிரல் நகத்தால் நீவி மூடினார்.

மேடம் மாத்திரையை விழுங்கவில்லை. கைப்பையிலிருந்து காலி அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"மாடி ஏறும்போது மூச்சு முட்டுச்சு. அதான் நின்னு நின்னு திட்டுனீங்க. கடைசியில சுவரைத் திட்டுனீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு," என்றார். குரலில் வெற்றி இல்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் குரல்.

வார்டன் கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று தெரிந்தது. புடவையின் கஞ்சிதான் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது. அடக்கி வைத்திருந்த இருமல் வந்தது. நின்றபின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே பேசினார்.

அவருக்கு வருடா வருடம் புதுப்பிக்கும் வேலை. புதுப்பிக்கும்போது உடல்தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். இந்த அறையை விட்டால் அண்ணன் வீடு, அண்ணியின் முகம். இருமல் ஆரம்பித்தபோது வெளியில் காட்டப் பயம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள். பிராக்சியின் சங்கதி அவருக்கு முன்பே தெரியும். கண்டிக்கத்தான் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து நின்றதும், கண்டிப்பதற்குப் பதில் இருமலுக்கு மாத்திரை வாங்கித் தரச் சொன்னார். அவள் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. சாம்பிள் கொண்டுபோன அன்று கேட்டைத் திறந்துவிட்டதும் இவர்தான்.

"ரிசல்ட் வந்துடுச்சுன்னு டாக்டர் அவ பேரைச் சொல்லி ஃபோன் பண்ணினாரு. அது என்னோடதுன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்குச் சொல்லணும்கறது ரூல். நம்பரைப் போட்டேன். அவங்கப்பாகிட்ட டி.பி.ன்னு சொன்னேன். அவரு நம்பாம, 'எம் பொண்ணுக்கா, எம் பொண்ணுக்கா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவரை நம்ப வெக்க, அந்த இன்னொரு டெஸ்டையும் சொன்னேன்." தன் கையைப் பார்த்தார். "கை நடுங்கும்னு நெனச்சேன். நடுங்கவே இல்ல."

வேலியே பயிரை மேயும் என்பார்கள். இங்கே வேலி மேயவில்லை, பயிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதை நான் சொல்லியும் விட்டேன். உங்கள் ரூல் உங்களுக்கே விழுங்க முடியாத கசப்பு, அதை ஊரான் வீட்டுப் பெண்ணின் தொண்டையில் திணித்தீர்கள் என்றும் சொன்னேன். மேடம் என் முழங்கையைப் பிடித்தார்.  வார்டன், அடிக்கப் போகிறவர்களுக்கு முதுகைக் காட்டுவது போல உட்கார்ந்திருந்தார். 

"டாக்டர்கிட்ட நான் சொல்லிடுவேன்," என்றார் மேடம். "அவ அப்பாகிட்ட நான் சொல்ல முடியாது. ஃபோன் பண்ணது நீங்க."

பார்வையாளர் அறையில் அப்பா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் வெள்ளை சிமென்ட். மருத்துவமனையிலிருந்து வந்திருந்த பிராக்சி எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தாள். காலையிலிருந்து இருவருக்கும் நடுவில் அந்த ஒற்றை வார்த்தைதான். வார்டன் உள்ளே வந்தார். கைக்குட்டையை வாய்மேல் இறுகக் கட்டிக்கொண்டு, அவர்களை விட்டு விலகி, திறந்த ஜன்னலோரம் போய் நின்றார்.

"அந்தச் சளி என்னோடது. உங்க பொண்ணு எனக்காகக் கொண்டுபோய்க் குடுத்தா. அவளுக்கு டி.பி. இல்ல. தெரிஞ்சேதான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன். தப்பு என்னோடது."

அப்பா வார்டனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எங்களைப் பார்த்ததும் குரல் தணிந்தது.

"அப்ப... அந்த இன்னொரு டெஸ்டு?"

"அதுவும் அவளோடது இல்ல. மத்த எதுவுமே அவளோடது இல்ல. யாரோடதுன்னு மட்டும் கேக்காதீங்க. நான் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவும் ஆச்சு."

அவர் தோள் இறங்கியது. அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது. மகள் பக்கம் திரும்பி, "ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீ கேக்கலையேப்பா."

"இல்ல பாப்பா, அவங்க ஃபோன்ல..."

"எனக்கு டி.பி. இல்லன்னு சொன்னாங்க. உன் முகத்துல ஒண்ணுமே தெரியல. அந்த டெஸ்டு என்னோடது இல்லன்னு சொன்னப்புறம்தான் உனக்கு மூச்சே வந்துச்சு. பார்த்துக்கிட்டுத்தான் நிக்கறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை.  அவள் சொன்னது அப்படியே நிஜம். நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்திருந்தோம்.

பிராக்சி வார்டனிடம் போனாள். டாக்டர் கிளம்பிவிடுவார், இப்போதே போனால் இன்றைக்கே மருந்து தொடங்கிவிடலாம், நானும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். அந்தச் சின்ன அறையில் நின்று அவருடைய இருமலைக் கேட்டு மனப்பாடம் செய்தவள் அவள்தானே. இருவரும் கொஞ்சம் இடைவெளி விட்டு வெளியே நடந்தார்கள். மேடமும் அவர்கள் பின்னால் போனார்.

அப்பா பெஞ்சிலேயே இருந்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பாப்பாவுக்கும் ஒட்டியிருக்குமாம்மா?"

"தெரியாது. பார்க்கணும்."

"எங்க பார்க்கறாங்க?"

நான் வழி காட்டினேன். மருத்துவமனை வராந்தாவில் ஆணும் பெண்ணுமாக மாணவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வார்டனைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் நழுவப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் பிராக்சி. அப்பா தயங்கித் தயங்கிப் போய், அவ்வளவு பேர் பார்க்க, அவள் பின்னால் நின்றார். அவள் திரும்பவில்லை. பின்னால் வந்த ஒருவன், நீங்கள் வரிசையில் இருக்கிறீர்களா என்று அவரைக் கேட்டான்.

"ஆமா தம்பி," என்றார். "எம் பொண்ணுக்கு உடம்பு பார்க்கணும்."